பில்லில் புது ஏர் ஃபில்டர், பெட்டிக்குள் பழையது

வடசென்னைப் பக்கம் காரை சர்வீஸுக்கு விடுகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். பில்லில் ‘ஏர் ஃபில்டர்’ என்று ஒரு வரி இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பெட்டிக்குள் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

நான் இருப்பது தண்டையார்பேட்டையில். இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரை என் காருக்கு வீட்டு வாசலில் வைத்து நானேதான் மாற்றுவேன். ஜி.பி. ரோடில் வாங்கி வருவேன். மாட்டும்போது ரப்பர் விளிம்பில் தேதியையும் கிலோமீட்டரையும் மார்க்கரால் எழுதி வைப்பது பழக்கம். போன மாதம் பிரேக் பேடும் இன்ஜின் ஆயிலும் மாற்ற எங்கள் ஏரியாவில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். “ஏர் ஃபில்டர் புதுசு, அதைத் தொட வேண்டாம்” என்று சொல்லி, ஜாப் கார்டிலும் எழுத வைத்தேன்.

சாயங்காலம் பில் வந்தது. ஏர் ஃபில்டர் 780 ரூபாய், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் தனியாக. கேட்டதற்கு சர்வீஸ் அட்வைசர், “சார், ஃபில்டர் ஃபுல்லா பிளாக் ஆயிடுச்சு, வண்டி இழுக்கவே இல்ல, அதான் மாத்திட்டோம்” என்றார். பழையதைக் காட்டுங்கள் என்றேன். உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். கன்னங்கரேலென்று இருந்தது, மடிப்புக்குள் சருகுகூட இருந்தது. ஆனால் அது என் வண்டிப் பெட்டியைவிட அரை அடி நீளம். எந்த வண்டியுடையதோ!

அங்கேயே பானெட்டைத் திறக்கச் சொன்னேன். பெட்டிக்குள் இருந்தது என் கையெழுத்துள்ள அதே ஃபில்டர்தான். தொடாமலாவது விட்டிருக்கலாம். கம்ப்ரசர் காற்றை வைத்து அடித்திருக்கிறார்கள். வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோது ஒரு மூலையில் மடிப்பு கிழிந்து வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. பெட்டி மூடியின் கிளிப் ஒன்று உடைந்து, அந்த இடத்தில் கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூடி ஒரு பக்கம் சரியாக உட்காரவே இல்லை.

எனக்குக் கோபம் 780 ரூபாய்க்காக மட்டுமில்லை. காகித ஃபில்டரில் பலமான காற்றை அடித்தால் நார் விட்டுப்போய் நுண்ணிய ஓட்டைகள் விழும். மூடியில் இடைவெளி இருந்தால் காற்று ஃபில்டர் வழியாகப் போகாமல் அந்தச் சந்து வழியாக நேரே இன்ஜினுக்குள் போகும். அதோடு போகும் மணல்தூசி சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்கையும் உரசித் தேய்க்கும். நாள்பட ஆயில் குடிக்கும், கம்ப்ரஷன் குறையும். அழுக்கான ஃபில்டரைவிடக் கிழிந்த ஃபில்டர் மோசம். எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி ரோட்டிலும் நாள் முழுக்க கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஓடும் வண்டிகள் நம்முடையவை. சில பெட்ரோல் கார்களின் கையேட்டில் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கும். தூசி அதிகமுள்ள இடத்தில் அதற்கு முன்பே பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கும். இங்கே அந்த இரண்டாவது வரிதான் நமக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். “மாத்தலன்னா மைலேஜ் போயிடும்” என்று பயமுறுத்தித்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது பொருந்தலாம். இப்போதுள்ள ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ப இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-இல் சோதித்துப் பார்த்தபோது, அடைத்த ஃபில்டரால் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை, பிக்கப்தான் குறைந்தது. ஃபில்டர் மாற்றத்தான் வேண்டும், ஆனால் மைலேஜைச் சொல்லி அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? இன்ஜின் ஆறியிருக்கட்டும். பெரும்பாலான சின்ன கார்களில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, இரண்டு முதல் நான்கு கிளிப் அல்லது ஸ்க்ரூ இருக்கும். கிளிப்பை நெம்பாமல் விரலால் தள்ளி விடுங்கள். ஃபில்டரை எடுக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் மண்ணை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள், ஊதாதீர்கள். இன்ஜின் பக்கம் போகும் குழாய்க்குள் எதுவும் விழக்கூடாது. புதியதை வைத்ததும் ரப்பர் விளிம்பு சுற்றிலும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எனக்கு இந்த இடத்தில்தான் எப்போதும் நேரம் ஆகும், ஆனால் இதை விட்டால் மாற்றியதே வீண். பழையதைக் கழுவி மாட்டலாமா என்று அக்கா மகன் கேட்டான். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது.

டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி ஃபில்டர் வேறு. பில்லில் வெறும் ‘ஃபில்டர்’ என்று போட்டிருந்தால் எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானை டிக்கியில் வைத்துத் தரச் சொல்லுங்கள். முக்கியமாக, உங்கள் ஃபில்டரில் ஏதாவது அடையாளம் போட்டு வையுங்கள். எனக்குக் கைகொடுத்தது அந்த மார்க்கர் எழுத்துதான்.

ஒர்க்‌ஷாப்காரர்கள் முதலில், “அது பேக்கேஜ்ல ஆட்டோமேட்டிக்கா வந்துடும் சார்” என்றார்கள். ஜாப் கார்டைக் காட்டியதும் 780 ரூபாயைக் கழித்துப் புது பில் போட்டார்கள். கிழித்த ஃபில்டருக்கும் உடைத்த கிளிப்புக்கும் பொறுப்பேற்க மாட்டார்களாம். நான் இரண்டு பில், ஜாப் கார்டு, படங்கள் எல்லாம் வைத்துத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும், சின்னத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பழைய பில்லையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.