கோடைக்கு எதில் பணம் போடுவது: மொட்டை மாடிச் சுண்ணாம்பா, புதிய விசிறியா, ஏ.சி.யா?

சென்னையில் மேல்தளத்து வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பங்குனி பிறந்ததுமே இது தெரிந்துவிடும்: இரவு பத்து மணிக்கு வெளியே கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும், உள்ளே விசிறி முழு வேகத்தில் சுழன்றும் அனல்தான் இறங்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை நிதானமாகக் கீழே இறக்கத் தொடங்குகிறது. ஸ்டூல் மேல் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இந்தச் சூட்டைச் சமாளிக்க நம் முன் உள்ள வழிகள் மூன்று: தளத்தைச் சூடேறாமல் காப்பது, காற்றைக் குறைந்த செலவில் சுழற்றுவது, அறைக் காற்றையே குளிர வைப்பது. பெரும்பாலான வீடுகளில் கடைசி வழிதான் முதலில் கையாளப்படுகிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் தளம். வெறும் சிமென்ட் பூச்சோ கருத்துப்போன தட்டோடோ தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த எளிய வேறுபாட்டை நம்பித்தான் அகமதாபாத் நகரம் 2017இல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளையடிக்கத் தொடங்கியது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. வீட்டுக்குள் இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை சூடு குறையும் என்று சொல்லப்படுகிறது. மேல்தளத்தில் இருப்பவருக்கு இரண்டு டிகிரி குறைந்தாலே தூக்கம் வரும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தடிமனாகத் தளம் போட்டிருந்தார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அந்தத் தடிமனை நாம் இழந்துவிட்டோம். வெண்மையையாவது திரும்பப் பெற முடியும்.

சுண்ணாம்பின் குறை, அதன் ஆயுள். வடகிழக்குப் பருவமழை ஒருமுறை கொட்டித் தீர்த்தால் பாதி கரைந்துபோகும், மீதியில் பாசி படரும். அடுத்த மாசி மாதம் மறுபடியும் வாளியும் மட்டையுமாக ஏற வேண்டும். கடைகளில் விற்கும் குளிர்கூரைப் பெயின்ட் பல ஆண்டுகள் நிற்கும், ஆனால் விலை பல மடங்கு. வெள்ளை கூல் டைல்ஸ் இன்னும் நீடிக்கும், இன்னும் செலவாகும். எதை அடித்தாலும் தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் கோடையில் அவ்வப்போது பெருக்கிவிட வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தல் இவை எல்லாவற்றையும் விடக் குளிர்ச்சி தரும். தளத்துக்கும் கீற்றுக்கும் நடுவே காற்று ஓடுவதால் சூடு கீழே இறங்குவதே இல்லை. ஆனால் தீப்பொறிக்கு அஞ்ச வேண்டும், ஓராண்டுக்குள் கீற்று மக்கும், அடுக்குமாடி வீடுகளில் அனுமதியும் கிடைக்காது. மாலையில் தளத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை, லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் நான் ஒரு வழியாகவே கருதவில்லை.

அடுத்து விசிறி. இங்கே கணக்கு தெளிவாக இருப்பதால் சற்று நின்று பார்க்கலாம். வழக்கமான 48 அங்குல விசிறி முழு வேகத்தில் ஏறத்தாழ 75 வாட் எடுத்துக்கொள்ளும்; பி.எல்.டி.சி. விசிறி, அதாவது மின்னணுப் பலகை இயக்கும் தூரிகையில்லா மோட்டார் கொண்ட புதிய வகை, ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். கூடத்தில் நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் விசிறி இரண்டு மாதத்தில் 72 யூனிட்டைத் தின்னும். அதன் இடத்தில் புதியது ஓடினால் 29 யூனிட்தான். மிச்சம் 43 யூனிட். விலையில் வித்தியாசம் சுமார் 1,300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எப்படியும் புதிய விசிறி வாங்கவிருப்பவருக்கு ஓராண்டில் அந்த வித்தியாசம் திரும்பிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிவிட்டு 3,000 ரூபாய் கொடுத்து மாற்றுபவருக்கு இரண்டரை ஆண்டு ஆகும். அதே விசிறியை நாளுக்கு இரண்டு மணி நேரமே ஓடும் சமையலறையில் மாட்டினால் போட்ட காசு திரும்ப ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வேண்டும். ஆகவே "வீட்டிலுள்ள எல்லா விசிறிகளையும் மாற்றுங்கள்" என்கிற கடைக்காரரின் யோசனையைக் கூடத்தோடும் படுக்கையறையோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

பி.எல்.டி.சி. விசிறிக்கு ஒரு குறையும் உண்டு. பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்து கண்டன்சரை மாற்றி, நூறு இருநூறு ரூபாயோடு போய்விடுவார். புதியதில் மின்னணுப் பலகை பழுதானால் நிறுவனத்தின் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் இது அரிதான கோளாறும் அல்ல. உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குவதைத் தவிர இதற்குப் பரிகாரம் இல்லை. மறுபுறம், மின்வெட்டின்போது இன்வர்ட்டர் பேட்டரியில் இந்த விசிறி இரண்டு மடங்குக்கு மேல் நேரம் ஓடும். மின்வெட்டு மிகுந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

ஏர் கூலரைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 150 முதல் 200 வாட் மட்டுமே எடுத்துக்கொண்டு, வேலூர், கரூர், திருச்சி போன்ற உலர்ந்த வெப்பம் உள்ள ஊர்களில் ஏ.சி.க்கு மிக அருகில் வரக்கூடியது. காற்றிலேயே ஈரம் மிகுந்த சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தண்ணீர் ஆவியாக மறுப்பதால், குளிர்ச்சிக்குப் பதில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

இனி ஏ.சி. ஒன்றரை டன் ஐந்து நட்சத்திர இன்வர்ட்டர் ஏ.சி.யின் லேபிளில், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் என்ற கணக்கில், 800 யூனிட்டை ஒட்டிய எண் இருக்கும். அதாவது மணிக்கு அரை யூனிட். வெந்த தளத்தின் கீழ் உள்ள அறையில் அது 0.7 ஆகும் என்று கொண்டால், இரவுக்கு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்தில் 336 யூனிட் வரும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் ஏறக்குறைய பன்னிரண்டு பி.எல்.டி.சி. விசிறிகளின் செலவுக்கு இது சமம். ஆனாலும் ஏ.சி.யைக் கெட்ட பிள்ளையாக்கி ஒதுக்கிவிட முடியாது. கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீட்டில், மே மாதத்து இரவுகளில் அது ஆடம்பரம் அல்ல. எத்தனை டிகிரியில் ஓட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ ஆறு விழுக்காடு மின்சாரம் குறையும் என்று மத்திய எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது; 2020 முதல் நட்சத்திர லேபிள் பெற்ற அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்ற விதியும் இதனால் வந்ததுதான். 27இல் வைத்து, மேலே விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால், உடம்புக்கு அது 24 போலத்தான் தோன்றும். மிச்சம் 60 யூனிட், செலவு ஒரு பைசாவும் இல்லை.

இதைத் தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் வைத்துப் பார்த்தால்தான் கதையின் முழு உருவம் தெரியும். ஏ.சி. இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகும் வீட்டில் ஏ.சி. வந்தால் 636 ஆகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலை பறிபோகும். 500க்கு மேற்பட்ட யூனிட்டுகளுக்கு எட்டரை ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். 2024 ஜூலைக் கட்டணப்படி அந்த வீட்டின் பில் ஏறக்குறைய 3,300 ரூபாய். இப்போது ஏ.சி.யை 27க்கு ஏற்றி, கூடத்து விசிறியையும் பத்து மணி நேரம் ஓடும் இரண்டு படுக்கையறை விசிறிகளையும் மாற்றினால் 157 யூனிட் குறைந்து 479இல் நிற்கும். பில் ஏறக்குறைய 1,700 ரூபாய். மின்சாரத்தில் கால்பங்கைக் குறைத்தால் பணத்தில் பாதி குறைகிறது. தளத்துக்கு அடித்த சுண்ணாம்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை, அது ஏ.சி.யின் கம்ப்ரசர் ஓடும் நேரத்தைக் குறைப்பதால் கிடைப்பது தனி.

நிலக்கரியின் கணக்கும் இதே திசையில்தான் போகிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. 157 யூனிட் என்றால் சுமார் 110 கிலோ. தமிழ்நாட்டின் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாகச் சுழலும். சூரிய மின்சாரம் ஆறு மணியோடு முடிந்துவிடும். எனவே ஏப்ரல் இரவில் ஓடும் ஏ.சி.க்குப் பின்னால் பெரும்பாலும் அனல்மின் நிலையம்தான் இருக்கிறது. சூரியத் தகடுகள் பதிக்க இடமும் வசதியும் உள்ளவர்களுக்கு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய அரசு மானியம் உண்டு. அந்தத் தகடுகளே தளத்துக்கு நிழலாகவும் அமைவதைச் சேர்த்துக் கணக்கிடுபவர்கள் குறைவு.

சொந்த வீட்டில் மேல்தளத்தில் இருப்பவர் சுண்ணாம்பில் தொடங்கலாம். நடுத்தளத்தில் இருப்பவருக்கு மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பதால் பயனில்லை. மேற்குச் சுவருக்கும் சன்னலுக்கும் வெளிப்புறமாகத் தட்டியோ பசுமை வலையோ கட்டுவதுதான் அவருக்கான முதல் வேலை. வாடகைக்கு இருப்பவர் விசிறியில் தொடங்குவதே மேல். வீட்டு உரிமையாளரின் பழைய விசிறியைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, காலி செய்யும் நாளில் அதையே திரும்ப மாட்டிவிட்டுத் தன்னுடையதைக் கழற்றிக்கொண்டு போகலாம்.