கைப்பேசியில் வேதாகமம்: வாசிக்க ஒரு செயலி, ஆராய ஒரு செயலி

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் புதன்கிழமை இரவு நடக்கும் வேதபாட வகுப்புக்கு நான் வேலை முடிந்து நேராக எல்.ஆர்.டி. ரயிலில் வருவதால், இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசியில்தான் வேதாகமத்தைப் படித்தும் குறிப்பெடுத்தும் வருகிறேன். முதலில் வைத்திருந்த ஒரு தமிழ்ச் செயலியை, குடும்ப ஜெபத்தின் நடுவே விளம்பரம் வந்து திரையை மூடிய அன்றே நீக்கிவிட்டேன். இப்போது பயன்படுத்துபவை யூவெர்ஷன், புளூ லெட்டர் பைபிள் ஆகிய இரண்டும்; இரண்டும் இலவசம்.

யூவெர்ஷன் செயலியை 2008இல் வெளியிட்டது அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலுள்ள லைஃப் சர்ச் என்னும் திருச்சபை. அதில் விளம்பரமே கிடையாது. நம் சபைகளில் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்போடு எளிய நடையில் அமைந்த புதியவையும் உள்ளன. ஒரு வசனத்தைத் தொட்டால் தமிழ், மலாய், ஆங்கிலப் பதிப்புகளை அடுத்தடுத்து ஒப்பிடலாம். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டால் புரிந்துகொள்வார்கள், வாசிக்கச் சொன்னால் தயங்குவார்கள். எங்கள் வகுப்பில் அப்படித் தயங்கிய ஓர் இளைஞர், மலாய் வசனத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இப்போது தாமே முன்வந்து தமிழில் வாசிக்கிறார். அம்பாங் பார்க்கிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை ரயில் சுரங்கத்துக்குள் ஓடுவதால், இணையமின்றிப் படிக்கும் வசதி எனக்கு அவசியம். ஆனால் பதிப்பாளர் அனுமதித்த பதிப்புகளை மட்டுமே தரவிறக்க முடியும் என்பதால், உங்களுக்கு வேண்டியது அதில் அடங்குமா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிப்புக்கு இது போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. சங்கீதம் 23:1இல் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்பதை அடுத்து வரும் ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்பதற்குத் ‘தாழ்ந்துபோகமாட்டேன்’ என்றே வெகுகாலம் பொருள் கொண்டிருந்தேன். புளூ லெட்டர் பைபிளில் அதே வசனத்தைத் தொட்டபோது, மூல எபிரெயச் சொல் ‘ஹாசேர்’ என்றும், மூலச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட சொல்லடைவில் அதன் எண் 2637 என்றும், குறைவுபடுதலே அதன் பொருள் என்றும் காட்டியது. அந்தச் சொல் வரும் மற்ற இடங்களின் பட்டியலில் உபாகமம் 2:7 இருந்தது. வனாந்தரத்தில் நாற்பது வருடம் நடந்த ஜனங்களுக்கு ஒன்றும் குறைவுபடவில்லை என்று மோசே சொல்லுமிடம் அது. மேய்ப்பனுக்குப் பின்னே நடக்கும் ஆட்டின் வாயில் அதே சொல் வருவதைக் கண்டபோது, சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த சங்கீதம் எனக்குப் புதிதாகத் திறந்தது. ‘தாழ்ச்சி’ என்ற சொல்லுக்கும் குறைவு என்னும் பொருள் உண்டு. மொழிபெயர்த்தவர்கள் பிழை செய்யவில்லை, நாம்தான் அந்த வழக்கை மறந்துவிட்டோம்.

இந்த எண்கள் ஆங்கிலப் பதிப்புகளோடுதான் இணைக்கப்பட்டுள்ளன என்பது எனக்குப் பெருங்குறை. ஆங்கிலம் பழகாத பெரியவர்கள், வேதத்தை நம்மைவிட ஆழமாக அறிந்தும், இந்த வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார்கள். தமிழ் வசனத்தைத் தொட்டாலே மூலச்சொல் தெரியும்படி ஒரு செயலி வந்தால் விலை கொடுத்தும் வாங்குவேன்.

திரையின் அளவும் ஒரு தடைதான். சங்கீதம் 119இன் 176 வசனங்களும் எட்டெட்டாக 22 பகுதிகளாய், எபிரெய எழுத்துகளின் வரிசையில் அமைந்தவை. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு நேரத்தில் நான்கு வசனங்களுக்கு மேல் தெரிவதில்லை, அந்த அமைப்பு கண்ணில் படுவதே இல்லை. அந்தச் சங்கீதத்துக்கு மட்டும் வீட்டு மேசைமேல் இருக்கும் புத்தகத்தைத்தான் திறக்கிறேன்.