பின்காஸ் குட்டரிடம் கேள்வி கேட்டுப் பார்த்தேன்

போன ஞாயிறு மத்தியானம் முழுக்க இதிலேயே போய்விட்டது. ஐவிட்னஸ் (IWitness) என்கிற கல்வி இணையதளத்தில் பின்காஸ் குட்டர் என்கிற பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நாம் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார். இவர் ஒரு யூதர், போலந்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த மஜ்தானெக் முகாமுக்குப் போய் உயிரோடு மீண்டவர். கட்டணம் கிடையாது.

ஏதோ ஏஐ வித்தை என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளை (நாஜிகளிடமிருந்து தப்பியவர்களின் சாட்சியங்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு), அவரைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கேமராக்களை நிறுத்தி, ஏறத்தாழ 2,000 கேள்விகள் கேட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நம் கேள்விக்குப் பொருந்துகிற துண்டைத் தேடிப் போடுவது மட்டும்தான் மென்பொருளின் வேலை. பதிலில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை, எனக்கு அதுதான் முக்கியம்.

1932ல் போலந்தின் லோட்ஸ் நகரத்தில் பிறந்தவர். 1943ல், வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோ என்கிற பகுதியில் அவர்கள் நாஜிகளை எதிர்த்து எழுந்தபோது குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள், பையனுக்கு 11 வயதுகூட நிறையவில்லை. அப்பா, அம்மா, இரட்டையாகக் கூடப்பிறந்த சபீனா, மூன்று பேரையும் மஜ்தானெக்கில் கொன்றுவிட்டார்கள். சபீனாவின் முகம் இவருக்கு நினைவில் இல்லை, பொன்னிறப் பின்னல் மட்டும்தான் நிற்கிறது. அதைக் கேட்டபிறகு அடுத்த கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரோ திரையில் நம்மையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். புத்தகமாக இருந்தால் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

முகாமைப் பற்றி மட்டுமே கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள், நானும் முதல் அரை மணி நேரம் அப்படித்தான் செய்தேன். 1945 மே 8 அன்று தெரேசின்ஸ்டட் என்கிற இன்னொரு நாஜி முகாமில் சோவியத்தின் செஞ்சேனை வந்து இவரை விடுவித்தது, அப்புறம் பிரிட்டன், இஸ்ரேல், தென் ஆப்பிரிக்கா என்று சுற்றி, கனடாவின் டொரண்டோவில் குடியேறினார். யாருமே மிஞ்சாத ஒரு பையன் எப்படிப் பெரியவன் ஆனான், கடவுள் நம்பிக்கை என்ன ஆயிற்று, இதையெல்லாம் கேளுங்கள். பாடச் சொன்னால் பாடவும் செய்கிறார்!

ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும், சின்னச் சின்னதாக. நான் மூன்று கேள்வியை ஒரே வாக்கியத்தில் திணித்துவிட்டுச் சம்பந்தமில்லாத பதிலை வாங்கிக்கொண்டேன், தப்பு என்னுடையதுதான். வகுப்பில் காட்ட நினைக்கிற ஆசிரியர்கள், கெட்டோ என்றால் என்ன என்பதையாவது முதலில் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஹிட்லரை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டே ஒரு பீரியட் ஓடிவிடும்.

ஐந்துக்கு நாலரை. அந்த அரை, தமிழில் சப்டைட்டில் இல்லாததற்கு. என் அம்மாவுக்கு ஒவ்வொரு பதிலையும் நிறுத்தி நிறுத்தி நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.