நாக்பூரில் ஐந்து நட்சத்திரம், தண்டையார்பேட்டையில் இரண்டு

இது கெட்டுப்போன கூலர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 50 லிட்டர் டேங்க், மூன்று பக்கமும் புல் பேட், பெரிய ஃபேன். சத்தம் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காற்று தூக்கியடிக்கும். நாக்பூரில் அக்கா வீட்டில் கோடைக் கோடைக்கு ஓடி நல்ல பேர் வாங்கியது. மாமாவுக்கு ஷில்லாங்குக்கு மாற்றல் வந்தது. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊருக்குக் கூலர் எதற்கு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் சென்னை தண்டையார்பேட்டையில் மாடி ஷீட் வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். கத்திரி வெயிலில் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் துணிமேல் வியர்வை சொட்டும். கூலரைப் போட்டேன். அறை குளிரவில்லை, பிசுபிசுத்தது. லைனிங் துணி நமத்த அப்பளமாகத் தொங்கியது. ஊசியில் துருகூட ஏறத் தொடங்கியது.

கூலருக்குள் குளிரூட்டும் வாயு எதுவும் கிடையாது. நனைந்த புல் வழியாகக் காற்று போகும்போது தண்ணீர் ஆவியாகும், அதற்கு வேண்டிய சூட்டைக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். காற்று காய்ந்திருந்தால்தான் இது நடக்கும். நாக்பூர் நாட்டுக்கு நட்டநடுவில், கடலுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. அங்கே மே மாத மதியம் 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் கூலர் 23 டிகிரி வரை இறங்கப் பார்க்கும். இங்கே வெயில் 36 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 55 சதவீதம் என்று வையுங்கள், எந்தக் கூலரானாலும் 28-க்குக் கீழே போகாது. அந்த எல்லையையும் அது முழுசாகத் தொடுவதில்லை.

"தண்ணி ஊத்தி மாளாதுடி, ரெண்டு வேளை ரொப்பணும்" என்று அக்கா போனில் எச்சரித்திருந்தாள். இங்கே காலையில் ரொப்பினால் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே நிற்கிறது. ஆவியானால்தானே குறையும்! லாரித் தண்ணீர் மிச்சம் என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம். ஆனால் கொசு முட்டையிடும் முன் டேங்கைக் கொட்டிக் கழுவ வேண்டும், அது தனி வேலை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மே கடைசியில் சில நாள் மேற்குக் காற்று ஓங்கி, கடல் காற்றை உள்ளே விடாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அந்த மாதிரி வெயில். அப்படிப்பட்ட வறண்ட மதியங்களில் இதே கூலர் ஜோராக வேலை செய்கிறது. காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து காற்று திரும்பியதும் பம்ப்பை அணைத்துவிட்டு வெறும் ஃபேனாக ஓட்டுகிறேன். எப்படி ஓட்டினாலும் ஜன்னல் ஓரம் வைத்து, எதிர் ஜன்னலைத் திறந்து விடுங்கள். மூடிய அறையில் ஈரம் ஏறிக்கொண்டே போகும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் நட்சத்திரத்தைப் பார்க்கும் முன் போட்டவர் ஊரைப் பாருங்கள். ஜோத்பூர், போபால்காரர்கள் சொல்வது பொய்யில்லை, நமக்கு ஆகாது, அவ்வளவே. டெல்லியில்கூட ஜூலையில் மழை இறங்கியதும் கூலர் பிசுபிசுக்கத்தான் செய்யும். விசாகப்பட்டினம், கொச்சி, மும்பைக்காரர் எழுதியதைத் தேடிப் படியுங்கள்.

ஃபேனாக நாலு, கூலராக இரண்டு. வேலூர்ப் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், வண்டி வாடகை மட்டும் கொடுத்து எடுத்துப் போகலாம். அந்த ஊர் வெயிலில் இது பிழைத்துக்கொள்ளும்.