குளிர்பதனக் கிடங்கில் ஏழு மாதம்: மிளகாய் வற்றல் சேமிப்புச் சேவை பற்றிய என் மதிப்பீடு

அறுவடை முடிந்ததும் எல்லாருடைய வற்றலும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்து விலை சரிந்ததால், அறுபது மூட்டை மிளகாய் வற்றலை ஒரு தனியார் குளிர்பதனக் கிடங்கில் ஏழு மாதம் வைத்திருந்தேன். அந்தக் கிடங்கின் சேவை எனக்குப் பாதி நிறைவையும் பாதி வருத்தத்தையும் தந்தது.

நிறைவைத் தந்தது குளிர் அறை. வற்றலுக்குச் சிவப்பு நிறம் தரும் கேப்சாந்தின் என்னும் நிறமி, வெப்பமும் வெளிச்சமும் காற்றும் பட்டுச் சிதைவதால், சாதாரணக் கிடங்கில் வைத்த வற்றல் சில மாதங்களில் பழுப்பேறிவிடும். இங்கே 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருந்த பெரும்பாலான மூட்டைகளின் நிறமும் நெடியும் குறையவே இல்லை. வண்டு விழுந்த மூட்டை ஒன்றுகூட இல்லை. கட்டைகளின் மேல், சுவரை ஒட்டாமல், காற்று புகும்படி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

குறையெல்லாம் வாசலில்தான். வற்றலின் ஈரப்பதம் 10, 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது தொழிலில் உள்ள எல்லாருக்கும் தெரியும். ஆனால் வண்டிகள் வரிசைகட்டி நின்ற அந்த நாளில் மேலே இருந்த இரண்டு மூட்டைகளை மட்டும் ஈரமானியால் சோதித்துவிட்டு மற்றவற்றை அப்படியே உள்ளே ஏற்றினார்கள். கடைசிப் பறிப்பில் சரியாகக் காயாத நான்கு மூட்டைகளும் அவற்றோடு போய்விட்டன. அவற்றைத் தனியே பிரித்து வைக்காதது என் தவறு. குளிர் பூஞ்சணத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர, வற்றலைக் காயவைக்காது. வெளியே எடுத்தபின் அவற்றில் ஒரு வற்றலை ஒடித்துப் பார்த்தேன்: விதைகளைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாயில் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு மொத்தமாகக் கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. அப்படியிருக்க, இத்தகைய சரக்கை எந்த ஏற்றுமதியாளரும் தொடமாட்டார்.

எடுக்கும்போதும் அதே அவசரம். முன்னறையில் ஒரு நாள் வைத்துச் சூடு பழகவிடாமல் நேராக வெயில் முற்றத்தில் இறக்கியதால், சிறிது நேரத்திலேயே சாக்குகள் வியர்த்துக் கை வைத்தால் ஈரம் ஒட்டியது. ஏழு மாதம் காத்த சரக்கு அரை மணியில் கெடத் தொடங்குவதைப் பார்ப்பது மிகவும் வேதனையாக இருந்தது.

கிடங்கு நடத்துபவரின் சிரமமும் உண்மையானது. அறை பாதி காலியாக இருந்தாலும் கம்ப்ரசர் ஓடியாக வேண்டும். மின்சாரம் நின்றால் டீசல் எரிய வேண்டும். விலை விழுந்து வாடகையும், சரக்கை அடமானம் வைத்து வாங்கிய கடனின் வட்டியும் சரக்கின் மதிப்பை நெருங்கிவிட்டால், மூட்டையை மீட்க விவசாயி வராமலே போய்விடுகிறார். வருமானமோ அறுவடையை ஒட்டிய சில வாரங்களில் வாசலுக்கு வரும் வண்டிகளை நம்பியே இருக்கிறது. அதனால் எந்த வண்டியையும் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் ரசீதில் மூட்டை எண்ணிக்கையும் எடையும் மட்டும் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஈரப்பதமும் தரமும் அதில் இல்லாததால், அந்த நான்கு மூட்டைகள் எங்கே கெட்டன என்பதை அவராலும் நிறுவ முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. சேதாரம் முழுவதும் என் தலையில் விழுந்தது.

அடுத்த பருவத்திலும் அங்கேயே வைக்க எண்ணியிருக்கிறேன். ஒவ்வொரு மூட்டையின் ஈர அளவையும் ரசீதில் எழுதித் தரவும், எடுப்பதற்கு முதல் நாளே சரக்கை முன்னறைக்கு மாற்றவும் கேட்டிருக்கிறேன்; முதல் கோரிக்கைக்குச் சம்மதித்துவிட்டார், இரண்டாவதற்கு இன்னும் பதில் வரவில்லை.