பாஸ்போர்ட்டா, வசிக்கும் அனுமதியா: பணம் போடும் முன் ஒரு ஒப்பீடு

பணம் போட்டால் குடியுரிமையே தரும் முதலீட்டுக் குடியுரிமை, வசிக்கும் அனுமதி மட்டும் தரும் கோல்டன் விசா எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு விலைவாரியாக அடுக்கிக் காட்டுவது முகவர்களின் வழக்கம். பார்க்க வசதிதான். ஆனால் அந்த அட்டவணையில் இருப்பது ஒரே சரக்கு இல்லை. கரீபியத் தீவு நாடான செயின்ட் கிட்ஸில் 2.5 லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தால் கைக்கு வருவது பாஸ்போர்ட். கிரீஸில் அதைவிடக் கூடுதலாகப் போட்டு வீடு வாங்கினாலும் வருவது ஐந்தாண்டு வசிப்பு அட்டைதான். அதனால் விலையை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்கிறேன்: நாம் வாங்கியதன் மதிப்பைக் குறைக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது?

கரீபியத் தீவுகளில் இருந்து தொடங்கலாம். இந்த வியாபாரத்தை 1984இல் ஆரம்பித்து வைத்ததே செயின்ட் கிட்ஸ் நெவிஸ்தான். டொமினிக்கா, கிரெனடா, ஆன்டிகுவா பார்புடா, செயின்ட் லூசியா ஆகியவை பின்னால் வந்தன. நீண்ட காலம் ஒன்றோடு ஒன்று போட்டி போட்டு விலையைக் குறைத்த இந்தத் தீவுகள், வெளிநாட்டு அழுத்தம் முற்றியபோது 2024இல் 2 லட்சம் டாலருக்குக் கீழே இறங்குவதில்லை என்ற உடன்பாட்டை நோக்கி நகர்ந்தன. டொமினிக்காவில் அந்த அடிமட்ட விலை. மற்றவை அதற்குக் கொஞ்சம் மேலே. அங்கே போய் வாழ வேண்டிய கட்டாயம் நீண்ட காலம் பெரும்பாலும் இருந்ததில்லை. ஆன்டிகுவா மட்டும் ஐந்தாண்டுக்குள் ஐந்து நாள் தங்கச் சொல்லிவந்தது. அதை விடுமுறை என்றே சொல்லலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் பாஸ்போர்ட்டை வாங்குபவர் தீவில் வாழப்போவதில்லை, விசா இல்லாமல் ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்வரத்தான் வாங்குகிறார். அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதும் தீவு அரசு அல்ல. கனடா 2014இல் செயின்ட் கிட்ஸுக்கு விசா கேட்க ஆரம்பித்தது. பிரிட்டன் 2023இல் டொமினிக்காவுக்கும், பசிபிக்கில் இதே வியாபாரம் செய்யும் வனுவாட்டுவுக்கும் விசாவைக் கட்டாயமாக்கியது. வனுவாட்டுவின் விசா விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2024 இறுதியில் மொத்தமாக ரத்து செய்தது. பணம் கட்டியது ஓர் அரசிடம். அந்தப் பணத்தின் பலனைத் தீர்மானிப்பது இன்னோர் அரசு.

கிரெனடாவுக்குத் தனியாக ஒரு கவர்ச்சி உண்டு. அமெரிக்காவோடு அது செய்துகொண்ட ஒப்பந்தத்தால், அதன் குடிமக்கள் அமெரிக்காவில் தொழில் நடத்த அனுமதிக்கும் ஈ-2 விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். துருக்கிக்கும் இதே ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் 2022 இறுதியில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்திவிட்டது. முதலீட்டால் குடியுரிமை பெற்றவர், அதைக் கொடுத்த நாட்டில் தொடர்ந்து மூன்றாண்டாவது வாழ்ந்திருக்க வேண்டும். இந்த விதியைச் சொல்லாமல் ஈ-2 பெருமையை மட்டும் பாடுகிற முகவரிடம் இருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

துருக்கியின் கணக்கு வேறு. 4 லட்சம் டாலருக்குச் சொத்து வாங்கி மூன்றாண்டு விற்காமல் வைத்திருந்தால் குடியுரிமை. நன்கொடை போல் பணம் திரும்பாமல் போவதில்லை, வீடு மிஞ்சும். அதே நேரம் வெளிநாட்டு வாங்குபவர் என்று தெரிந்தால் விலையை ஏற்றிச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். சொத்தை மதிப்பிடும் உள்ளூர் ஆளை நாமே அமர்த்திக்கொள்ள வேண்டும்.

ஐரோப்பியக் குடியுரிமையை நேராக விற்ற காலம் முடிந்துவிட்டது. சைப்ரஸ் 2020இல் கடையைச் சாத்தியது. மால்டாவின் திட்டம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்று அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இப்போது அங்கே மிச்சம் இருப்பது வசிப்பு அனுமதிகள்தான்.

அதில் முதலில் எல்லோரும் கேட்பது போர்ச்சுகல். 2023இல் வீடு வாங்கும் வழியை மூடிவிட்டார்கள். இப்போது பெரும்பாலோர் போவது 5 லட்சம் யூரோ முதலீட்டு நிதி வழி. ஆண்டுக்குச் சராசரியாக ஏழு நாள் போய்வந்தால் போதும் என்பதுதான் இதன் பெரிய பலம். பலவீனம், காத்திருப்பு. கோப்புகள் ஆண்டுக்கணக்கில் தேங்குகின்றன. ஐந்தாண்டில் குடியுரிமை என்று நம்பிப் பணம் போட்டவர்கள் இருக்கும்போதே, அதைப் பத்தாண்டாக நீட்டும் சட்டத்துக்கு நாடாளுமன்றம் 2025இல் வாக்களித்தது. விவகாரம் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. கிரீஸில் இன்னும் வீடு வாங்கலாம். ஏதென்ஸ், தெசலோனிகி, சாந்தோரினி போன்ற இடங்களில் 8 லட்சம் யூரோ, மற்ற பெரும்பாலான பகுதிகளில் 4 லட்சம். ஆனால் அங்கே குடியுரிமைக்கு ஏழாண்டு உண்மையாகவே வாழ வேண்டும், மொழித் தேர்வும் உண்டு. ஸ்பெயினும் அயர்லாந்தும் பிரிட்டனும் இந்த வாசலை மூடிவிட்டன.

ஐக்கிய அரபு அமீரகத்தையும் அமெரிக்காவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். அமீரகத்தில் 20 லட்சம் திர்ஹாமுக்குச் சொத்து வாங்கினால் பத்தாண்டு கோல்டன் விசா. எவ்வளவு நாள் வெளியே இருந்தாலும் செல்லும். தனிநபர் வருமான வரி கிடையாது. குடியுரிமைக்கான பாதையும் கிடையாது, அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. அமெரிக்காவின் முதலீட்டாளர் விசாவான ஈபி-5 நேர் எதிர். குறைந்தது 8 லட்சம் டாலர், பத்து வேலை உருவாக்கம், பணத்துக்கு உத்தரவாதமே இருக்கக்கூடாது என்ற நிபந்தனை. முடிவில் கிரீன் கார்டு, பிறகு குடியுரிமை. கூடவே, உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி வரியை அட்டவணைகளில் பெரும்பாலும் காண முடியாது.

எங்கே வாழப்போகிறோம் என்று தெரிந்தவருக்கு வசிப்பு அனுமதிதான் சரி. அதிலும் குடியுரிமை வாக்குறுதி இல்லாமலே பயன்படும் அனுமதி. போர்ச்சுகலில் வாழ ஆசை இல்லாமல் பாஸ்போர்ட்டுக்காக மட்டும் போகிறவர், எப்போது வேண்டுமானாலும் மாறும் ஒரு விதியின் மேல் 5 லட்சம் யூரோவை வைக்கிறார். இக்கட்டில் ஒதுங்க இரண்டாவது குடியுரிமை ஒன்று வேண்டும் என்பவருக்குக் கரீபியம் போதும், விசா விலக்கைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால். அப்புறம் ஒன்று: சொந்த நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்காவிட்டால் புதிய குடியுரிமை வந்த நாளிலேயே பழையது போகலாம். முகவருக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியது இதை.