பதிவுத்துறையின் இலவச வில்லங்கம்: வாடகைக்கு விட ஃபிளாட் வாங்குபவர் எவ்வளவு நம்பலாம்?

மறுவிற்பனை ஃபிளாட் ஒன்று 40 லட்சம், மாத வாடகை 12,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். முழுத் தொகைக்கும் பத்திரம் போட்டால் 3,60,000 ரூபாய். முதல் 30 மாத வாடகை அதற்கே சரியாகிவிடும். இவ்வளவு இறுக்கமான கணக்கில் சொத்தில் பழைய கடனோ பங்குத் தகராறோ தலைகாட்டினால் தாங்காது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன் உட்கார வேண்டிய இடம், தமிழ்நாடு பதிவுத்துறைத் தளத்தில் உள்ள வில்லங்கம் பார்வையிடும் பகுதி. வில்லங்கம் என்பது ஒரு சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம் போன்ற ஆவணங்களின் பட்டியல். 1975 முதல் பதிவான ஆவணங்களைக் காசில்லாமல் காட்டுகிறது. இலவசம் என்ற அளவில் அருமையான சேவைதான், ஆனால் கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும்.

மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், தேதி வரம்பு, கிராமம், புல எண் (சர்வே எண்), உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். சறுக்கல் பெரும்பாலும் கடைசி இரண்டில்தான். 45/2 என்றிருந்த நிலம் பட்டா மாறி 45/2A1 ஆகியிருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாது. இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். நகரப் பகுதியில் நகர அளவை எண், பழைய சர்வே எண் இரண்டும் வேண்டும். எல்லை பிரித்து வேறு சார்பதிவகத்துக்கு மாற்றப்பட்ட கிராமம் என்றால், முந்தைய அலுவலகத்தின் பெயரிலும் ஒருமுறை தேட வேண்டும்.

'பதிவுகள் ஏதுமில்லை' என்று வந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. விற்பவர் வாங்கிய கிரையப் பத்திரமாவது பட்டியலில் வந்தாக வேண்டுமல்லவா? அதுவே வரவில்லை என்றால் சொத்து சுத்தம் என்று பொருளில்லை, நீங்கள் கொடுத்த விவரம் தப்பு. பத்திரத்தின் எண், ஆண்டைக் கொண்டு ஆவணவாரியாகத் தேடி, அது எந்தக் கிராமம், எந்த உட்பிரிவில் ஏறியிருக்கிறது என்று பார்த்துத் திரும்ப வாருங்கள்.

பட்டியல் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியவை உரிமை ஆவண ஒப்படைப்பும் ரசீது ஆவணமும். முன்னது வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியது, பின்னது அதை அடைத்தது. ஒப்படைப்பு இருந்து ரசீது இல்லையென்றால், வீட்டுக்கடன் தீர்ந்துவிட்டது என்று விற்பவர் காட்டும் வங்கிக் கடிதம் போதாது. ரசீதைப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். வேறொருவருக்குப் போட்ட விற்பனை ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அதன் ரத்து ஆவணமும் இருக்க வேண்டும். 'முந்தைய ஆவண எண்' என்ற கட்டம் சங்கிலிபோல. ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போகும்போது எந்த இடத்தில் அறுகிறதோ, அங்கேதான் வக்கீலுக்கு வேலை.

ஃபிளாட்டுக்கு இந்தச் சேவை தரும் பெரிய லாபம் இன்னொன்று. தரகர்கள் யூடிஎஸ் என்று சொல்லும் பிரிபடாத மனைப் பங்கை, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் சேரும் பங்கை, சரிபார்க்கலாம். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஆறு ஃபிளாட் என்றால், அந்தப் புல எண்ணில் பதிவான ஆறு பங்குகளையும் கூட்டுங்கள். 2,400-ஐத் தாண்டினால் யாருக்கோ இல்லாத நிலத்தை விற்றிருக்கிறார்கள். மறுவிற்பனைப் பத்திரங்களில் அதே பங்கு திரும்ப வரும், இரண்டுமுறை கூட்டிவிடாதீர்கள். பழைய அடுக்குமாடிகளில் மனைப் பங்குக்கு மட்டும் கிரையம், கட்டடத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இருக்கும். ஆகவே வில்லங்கத்தில் 400 சதுர அடி என்று பார்த்துவிட்டு வீடே அவ்வளவுதான் என்று பதறத் தேவையில்லை.

இனி, இது காட்டாதவை. உயில் காட்டாது. சொத்து தொடர்பான பொது அதிகாரப் பத்திரத்தையும் (பவர்), உரிமை ஆவண ஒப்படைப்பையும் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி தமிழ்நாட்டில் 2012 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையவை விடுபட்டிருக்கலாம். நீதிமன்ற வழக்கு இருக்கிறதா என்பதற்கு இதை நம்ப முடியாது. சொத்துவரி, குடிநீர் வரி, மின்கட்டணம், குடியிருப்போர் சங்கப் பராமரிப்பு பாக்கிகளும் இங்கே வராது. ரசீதுகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வாடகைக்கு விட வாங்குபவரை அதிகம் கடிப்பது இதில் வராத இன்னொரு சங்கதி: உள்ளே குடியிருப்பவர். சென்னையில் லீசு, தெற்கே ஒத்தி, சில ஊரில் போக்கியம். ஐந்தாறு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பெரும்பாலும் சாதாரண பத்திரத் தாளில் எழுதிக்கொண்டிருப்பார்கள். வில்லங்கம் வெள்ளையாக இருக்கும். திருப்பித் தரவேண்டிய பணம் உங்கள் தலையில் விழும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவாகும் ஒப்பந்தங்களும் தனிப் பதிவேடு, இதில் சேராது. எனவே கதவைத் தட்டிக் குடியிருப்பவரிடமே எவ்வளவு கொடுத்தார், எப்போது கெடு என்று கேளுங்கள். வீட்டைக் காலியாக்கித் தரச் சொல்லலாம். அவரே தொடர்வதென்றால் அட்வான்ஸ் தொகையைக் கிரைய விலையில் கழித்துக்கொண்டு, உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு எண் வாங்குங்கள்.

தளத்தில் இலவசமாகக் கிடைப்பது பார்வைக்கு மட்டுமே. வங்கிக் கடனுக்குக் கட்டணம் செலுத்தி வாங்கும் வில்லங்கத்தின் சான்றிட்ட நகல்தான் செல்லும். அது கையில் இருந்தாலும், அதன் கடைசித் தேதியிலிருந்து இன்றுவரைக்குமான வரம்பைக் கிரையத்துக்கு முந்தைய இரவு இலவசத் தேடலில் இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். முன்பணத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட இரண்டு மாதத்தில் ஒரு புது அடமானம் நுழைய ஒரே நாள் போதும்.